லாபம், ரெண்டு, மூணு

இதயம் நின்றுபோனவரைத் தொடாமலே பிழைக்க வைக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடியில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்போம். எங்கோ ஒருவர் பேச்சுமூச்சு இல்லாமல் விழுவார். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் எங்களைக் கூப்பிடுவார். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு அவருடைய மொபைலுக்கு ஒரு லிங்க் அனுப்புவோம். அதைத் தொட்டால் வீடியோ திறந்துகொள்ளும். அவர் எங்களைப் பார்ப்பார், நாங்கள் விழுந்தவரைப் பார்ப்போம். வண்டி போய்ச் சேரும்வரை அந்த மனிதரின் கைகளை எங்கள் வாயால் ஓட்ட வேண்டும்.

இதைச் சேவை என்பார்கள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் என்ன மறைப்பு? நீங்களும் ஏதோ ஓர் ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ பேங்கிலோ ஒரு நாற்காலியைத் தேய்ப்பவர்தானே. உங்களுக்கும் பக்கத்து நாற்காலி என்று ஒன்று இருக்கும். நீங்கள் கல்லைக் கட்டி இழுத்தாலும் வராதது, அந்த நாற்காலிக்கு மட்டும் கூப்பிடாமலே வரும். என் பக்கத்து நாற்காலியின் பெயர் ஸ்டெல்லா.

நானும் அவளும் ஒரே காலேஜில் நர்சிங் படித்தவர்கள், ஒரே நாளில் இங்கே சேர்ந்தவர்கள். நான் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருகிறேன். அவள் வீடு கடலூரிலேயே, மாதா கோயில் தெருவில். அவள் வீட்டுக்காரர் சேவியர் பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார். மதியச் சாப்பாடும் அவர் கையால்தான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று இன்னும் பிடிபடவில்லை. சரி, அதையாவது விட்டுவிடலாம். அவள் வழிகாட்டிப் பிழைத்தவர்கள் மாதத்துக்கு ஒருவராவது ஸ்வீட் பாக்ஸோடு படியேறி வருகிறார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், மூச்சு வாங்கப் படியேறி வந்து, விஜயலட்சுமியின் மேஜை எது என்று கேட்க வேண்டும்.

காது தரிசனம்

மங்கலம்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. சாமான் வாங்க வந்த பெரியவர் அரிசி மூட்டைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைக்கார பாய் கூப்பிட்டார். லிங்க் அனுப்பினேன், தொட்டார், வீடியோ திறந்தது. திரை முழுக்க ஒரு காது. முடி முளைத்த, நல்ல ஆரோக்கியமான காது. விழுந்தவருடைய மார்பு ஏறி இறங்குகிறதா என்று நான் பார்க்க வேண்டும், எனக்குக் கிடைத்ததோ பாயின் காதுமடல். போனைக் காதிலிருந்து எடுங்கள் என்றேன். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டார். நான் கத்தக் கத்த அந்தக் காது பெரிதாகிக்கொண்டே வந்தது.

அதே நேரம் பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லாவுக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கால். கூப்பிட்டவர் போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார். கல்யாண வீடியோக்காரர் தோற்றார். விழுந்தவரின் தலை, மார்பு, கை எல்லாம் அளவாக, வெளிச்சமாகத் தெரிகின்றன. இப்படிப்பட்ட ஆட்கள் அவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் வாய்க்கிறார்களோ. கம்ப்யூட்டர்தான் கால்களைப் பிரித்துக் கொடுக்கிறது என்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரும் மாதா கோயில் தெருவில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நல்லவேளை, என் பெரியவருக்கு வெறும் மயக்கம். தானாகவே கண்ணை விழித்து ஒரு சோடா கேட்டார். வைப்பதற்கு முன்னால் பாயிடம், இது வீடியோ கால், கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் அதைவிடப் பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னார்: "போன காதுல வெக்காம கண்ணுல வெச்சா எப்புடிம்மா கேக்கும்?"

அடிபம்பு

எங்களுக்குக் கொடுத்த பாடத்தில், மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து வேகமாகவும் ஆழமாகவும் அழுத்த வேண்டும் என்று இருக்கிறது. அழுத்துங்கள் என்றால் எங்கள் ஜனங்களுக்கு உறைக்காது. அதனால் நான் "நல்லா அமுக்குங்க" என்பேன். அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் அமுக்குவது என்றால் கால்வலிக்காரருக்குக் கால் அமுக்கிவிடுவது. ஒரு வீட்டில் மருமகள் மாமனாருக்கு அப்படித்தான் பாசமாக அமுக்கினார். நெஞ்சில் ஆரம்பித்து, தோள், முழங்கை என்று வரிசையாகப் போய்விட்டார். நான் இங்கே தலையில் அடித்துக்கொள்கிறேன். அந்த அம்மாளோ, மாமனார் உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு பணிவிடை செய்திருக்க மாட்டார்.

ஸ்டெல்லா என்ன செய்தாள் தெரியுமா? கூப்பிட்டவரை எடுத்ததும் மாமா என்றாள், மச்சான் என்றாள், அக்கா என்றாள். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம்: அடிபம்பில் தண்ணீர் வராவிட்டால் எப்படி அடிப்பீர்கள், அந்த அடி அடியுங்கள். அவ்வளவுதான். இந்த ஜில்லாவில் அடிபம்போடு மல்லுக்கட்டாத ஆள் உண்டா? மார்பு எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு இறங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. நானும் குடம் குடமாகத் தண்ணீர் அடித்து வளர்ந்தவள்தானே. அந்த வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை?

பிறகென்ன, திருடினேன். அடுத்த கால் ஒரு புது நகரிலிருந்து. அப்பார்ட்மெண்ட் படிக்கட்டில் விழுந்துவிட்ட பெரியப்பாவுக்கு, ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர் அமுக்கிக்கொண்டிருந்தார், வலிக்குமோ என்கிற மாதிரி. நான் ஸ்டெல்லாவின் குரலையே எடுத்துக்கொண்டு, அடிபம்பு அடிக்கிற மாதிரி அடியுங்கள் சார் என்றேன். அவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். நல்லவேளை எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கை மாற்றிக்கொண்டார். கை மாறிய அந்த இடைவெளியில் ஐ.டி.க்காரர் ரொம்ப மரியாதையாக எனக்குத் தெரியப்படுத்தினார்: "எங்க வீட்ல மோட்டார்தாங்க மேடம்."

தலையணை

வாய் கைகொடுக்காது என்று தெரிந்துபோயிற்று. வார்டிலிருந்து ஒரு பழைய தலையணையைக் கேட்டு வாங்கினேன். நடுவில் மார்க்கர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கேமராவைக் கீழே திருப்பித் தலையணைக்கு நேராக வைத்தேன். இனி கூப்பிடுகிறவருக்கு என் இரண்டு கைகள்தான் தெரியும். நான் தலையணையை அழுத்த அழுத்த, அவர் மார்பை அழுத்த வேண்டும். வார்டில் வேலை பார்த்தவரைக்கும் வளையல் போடக் கூடாது என்று ஒரு சட்டம். இங்கேதான் யாரையும் தொடப்போவதில்லையே, அந்த ஆசைக்கு வலது கை நிறையக் கண்ணாடி வளையல். அழுத்தும்போதெல்லாம் அது சலங் சலங் என்று தாளம் போடும். அந்தத் தாளத்துக்கு ஜனங்கள் சரியான வேகத்தில் அடித்தார்கள். எங்கள் டாக்டர்கூட நின்று பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆனால் இதில் ஒரு நஷ்டம் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. ஸ்டெல்லாவின் கேமரா அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு நாள் நானும் அவளும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். பண்ருட்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் ஓடிவந்து ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் பிழைத்து இப்போது முந்திரித் தோப்புக்கே போய்வருகிறானாம். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன், அந்த முகம்தான் எனக்குத் தைரியம் என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. அப்புறம் அவள் மொபைலை என் கையில் திணித்தாள்: "ஸ்டெல்லாக்கா மூஞ்சி நல்லா தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. நீங்களும் அங்கதான் வேலையா?"

லாபம்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் சம்பா அறுவடை. எங்கள் ஊர்ப்பக்கம் என்றதும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. களத்தில் மூட்டை தூக்கியவர் விழுந்துவிட்டார். இப்போதெல்லாம் தராசு, மெஷின் என்று வந்துவிட்டாலும் கூலி நெல்லை மரக்காலில் அளந்து போடுகிற களங்கள் அங்கங்கே இருக்கின்றன. அங்கே அளந்துகொண்டிருந்தவர்தான் மரக்காலைப் போட்டுவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். கைக்கு நல்ல பலம். என் தலையணையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். நான் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுங்கள், பத்து வந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். அவர் "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார்.

நெல் அளக்கிற இடத்தில் ஒண்ணு என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் பெயர். எனக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் ஆஸ்பத்திரி எண்ணிக்கையில் லாபம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று, ஒண்ணு என்று சொல்லுங்கண்ணே என்றேன். பத்து முடிந்ததும் மறுபடியும் லாபம் என்றுதான் ஆரம்பித்தார். மார்பு அருமையாக இறங்கி ஏறுகிறது, வேகம் பிசகவில்லை. நான் யார் தடுக்க? ஆம்புலன்ஸ் வரும்வரை நானும் லாபம் என்றே எண்ணினேன். மூட்டை தூக்கியவரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்ன ஆனார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவின் கேஸ் என்றால் ஆம்புலன்ஸ் டிரைவர்களே போன் போட்டுச் சொல்வார்கள்.

அன்றிலிருந்து என் எண்ணிக்கையும் லாபத்தில்தான் தொடங்குகிறது. ஸ்டெல்லா ஹெட்போனைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நெல் மண்டியா நடத்துகிறாய் என்றாள். சிரிக்கட்டும். அந்தக் களத்துக்காரர் ஆம்புலன்ஸ் கதவு சாத்தின பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொன்ன விளக்கம் அவளுக்குத் தெரியாதல்லவா: "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுடும்மா, லாபம்னு ஆரம்பிச்சாதான் பெருகும்."

சாவிக்கொத்து

பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் வண்டிகள் ரோட்டோரம் வரிசையில் நிற்கும். முறை வரும்வரை டிரைவர்கள் வண்டிக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அப்படிப் படுத்திருந்த ஒருவர் வெட்டி வெட்டி இழுத்துவிட்டு அடங்கிப்போனார். கூட இருந்தவர்கள் காக்காவலிப்பு என்று நினைத்துவிட்டார்கள். வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? வரிசையில் நின்ற ஒவ்வொரு டிரைவரும் ஓடிப்போய்த் தன் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒரு டிராக்டர்காரர் ஸ்பேனரே கொண்டுவந்தார்.

எனக்கு வீடியோ திறந்தபோது அந்தக் கை நிறையச் சாவி. மார்பு அசையவில்லை. இரும்பு வேண்டாம், இது வலிப்பு இல்லை, இதயம் நின்றதால் வந்த இழுப்பு, மார்பை அடியுங்கள் என்று கெஞ்சினேன். விழுந்தவரோடு ஒரே ஊரிலிருந்து வந்த டிரைவர் ஒருவர்தான் கடைசியில் மண்டி போட்டார். தலையணையைப் பார்த்து, வளையல் சத்தத்தைக் கேட்டு, லாபம் லாபம் என்று கை ஓயாமல் அடித்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி விழுந்தவரின் சட்டையில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஆனால் சாவி தேடியதில் போன நேரம் போனதுதான். ஆம்புலன்ஸ்காரர் மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு போனைப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்தார்.

அன்று ஸ்டெல்லாவின் மேஜையில் யாரோ கொண்டுவந்த கேசரி இருந்தது. எனக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணத்தை அப்படியே தள்ளி வைத்தேன். எனக்கு வந்தது துக்கமா அவள்மேல் பொறாமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, பொறாமைதான் ஜாஸ்தி. சாயங்காலம், மண்டி போட்டு அடித்த அந்த டிரைவர் எங்கள் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். என்னைத் தேடிக் கூப்பிட்ட முதல் ஆள். அவர் கேட்டது இதுதான்: "நீங்க காட்டுனபடியேதான் செஞ்சேன் மேடம், எம்மேல தப்பு இல்லல்ல?"

பச்சை மூடி

சேவியர் தினமும் இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டுவார். இரண்டுக்கும் ஒரே மாதிரி பச்சை மூடி, உள்ளே ஒரே குழம்பு. ஒன்று ஸ்டெல்லாவுக்கு, ஒன்று அவருக்கு. அவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. அன்று மதியம் ஸ்டெல்லாவுக்குச் சாப்பாட்டு நேரம். என் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை மூடியைத் திறந்தாள். இறால் தொக்கு. நான் என் தயிர்சாதத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அதைப் பார்த்து அவள் ஓர் இறாலை எடுத்து என் வாயில் போட்டாள். அதை மெல்லும்போதே எனக்குக் கால் வந்தது.

சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீன். சூப்பர்வைசர்தான் பேசினார். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாராம், குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்து அதுவும் நின்றுவிட்டதாம். வீடியோ திறந்தது. சூப்பர்வைசர் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட வாசலுக்கு ஓட வேண்டியிருந்ததால், போனைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஒடிசாக்காரர். மனோஜ் என்று பிறகுதான் தெரியும். "தமிழ் நஹி" என்றார். போனை மட்டும் அழகாகத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தார். நீலச் சட்டை போட்ட ஒருவர் தரையில் கிடந்தார். அவர் தலைமாட்டில் ஒரு டப்பா கவிழ்ந்து கிடந்தது. பச்சை மூடி. தரையெல்லாம் இறால்.

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். கையில் சோற்றுப் பருக்கையோடு என் ஹெட்போன் மைக்கைப் பிடுங்கி, தம்பி அடிபம்பு அடிக்கிற மாதிரி அடிங்க, பம்பு, பம்பு என்று கத்தினாள். ஜில்லாவையே அசைத்த வார்த்தை அது. மனோஜ் விழித்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் தலையணையை இழுத்து வைத்தேன். பெருக்கல் குறிமேல் கையை வைத்தேன். அவரும் சேவியர் அண்ணனின் மார்பு நடுவில் கையை வைத்தார். நான் அழுத்தினேன். அவர் அழுத்தினார். லாபம் என்றேன். "லாபம்" என்றார். ரெண்டு என்றேன், "ரெண்டு" என்றார். என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் எண்ணிக்கையில் ஒன்று குறையவில்லை. வளையல் சத்தம் நின்றால் அவர் கையும் நின்றுவிடும் என்று நான் நிறுத்தவே இல்லை. அவருக்குக் கை தளர்ந்தபோது, ஆள் மாற வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? ஸ்டெல்லாவை இழுத்து அவள் கையைத் தலையணைமேல் வைத்தேன், என் கையை எடுத்தேன். அவர் புரிந்துகொண்டு இன்னொருவரை இழுத்து உட்கார வைத்தார். ஸ்டெல்லா தலையணையை அடித்தாள். பருக்கையெல்லாம் உறையில் ஒட்டியது. எண்ணிக்கை மட்டும் என்னுடையது.

எண்ணிக்கொண்டே நான் உள்ளுக்குள் சாமியிடம் பேசினேன். என் நடராஜரிடமா அவளுடைய அந்தோணியாரிடமா என்று தெரியாது. எப்போதும் அவளுக்குத்தானே கொடுக்கிறாய், என் பக்கம் நீ திரும்பிப் பார்த்ததே இல்லை, பரவாயில்லை, இதையும் அவளுக்கே கொடுத்துவிடு என்று கேட்டேன். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், யாரும் படியேறி வரவும் வேண்டாம், இந்த மனுஷன் நாளைக்கும் அவளுக்குச் சோறு கட்ட வேண்டும் என்று கேட்டேன். மனோஜின் கை திரும்ப வந்தது, என் கையும் திரும்ப வந்தது. கடைசியில் திரையில் ஆம்புலன்ஸ்காரரின் சட்டை தெரிந்தது. மெஷினை ஒட்டினார், எல்லாரையும் விலகச் சொன்னார், ஷாக் கொடுத்தார், கழுத்தில் விரலை வைத்துக் காத்திருந்தார். பிறகு அவர் போனுக்கு நேராகக் குனிந்து சந்தோஷமாகச் சொன்னார்: "பல்ஸ் வந்துடுச்சு. ஸ்டெல்லா சிஸ்டர்தான லைன்ல?"

தயிர்ப்பச்சடி வாளி

சேவியர் அண்ணன் வீடு திரும்பிய பிறகு மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் பிரியாணி. ஃபாதர் பேசும்போது புனித அந்தோணியாருக்கு நன்றி சொன்னார், விசுவாசமுள்ள மனைவிக்கு நன்றி சொன்னார். ஸ்டெல்லா மைக்கைப் பிடித்து ஆண்டவருக்கு, டாக்டருக்கு, ஆம்புலன்ஸ்காரருக்கு, மனோஜுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்தது என் பெயராக இருந்திருக்கலாம். அழுகை முந்திக்கொண்டது. யாரோ மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள்.

பரிமாற ஆள் போதவில்லை என்று என் கையில் தயிர்ப்பச்சடி வாளியைக் கொடுத்தார்கள். முதல் வரிசையில் புதுச் சட்டை, மாலையோடு மனோஜ். பக்கத்தில் இளைத்துப்போன சேவியர் அண்ணன், எண்ணெய் இல்லாத கறித்துண்டை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனோஜின் மாலையைப் பார்த்தும் பொறாமை வந்தது. வந்தால் என்ன செய்வது? பழகிய வழி, அதுபாட்டுக்கு வருகிறது. குனிந்து அவர் இலையில் கரண்டியைச் சாய்த்தேன். வளையல் சலங்கென்றது. எடுத்த கவளத்தை அவர் அப்படியே இலையில் வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பிறகு எச்சில் கையென்றும் பாராமல், மேஜைமேல் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து, அழுத்துவதுபோல் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அவர் படியேறி வந்தவர் இல்லை, என் மேஜை எது என்று கேட்டவர் இல்லை, பிழைத்த ஆளும் இல்லை. இருந்தும் எனக்கு வாளி கனத்தது, கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது, அந்த நிமிஷம் உலகத்தில் யார்மேலும் எனக்குப் பொறாமை இல்லை. மனோஜ் எழுந்து நின்றுவிட்டார். சேவியர் அண்ணனின் தோளைத் தட்டித் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார்: "சார், இந்தக் கை. லாபம் அக்கா கை."

இப்போது ஸ்டெல்லாவும் தலையணை வைத்துக்கொண்டு லாபம் என்றுதான் எண்ணத் தொடங்குகிறாள், என் வாயைவிட அவள் வாயில் அது நன்றாக இருக்கிறது என்பதுதான் என்னுடைய இன்றைய வயிற்றெரிச்சல்.